மதகடியில் இல்லாத தளம்

காரைக்கால்
19 ஆகஸ்ட் 2023, சனி

அன்புள்ள அக்கா,

கீழவெளிப் பாலப் பணிக்கு உயர் நீதிமன்றம் விதித்திருந்த இடைக்காலத் தடை நவம்பர் 2 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. நேற்று முன்தினம், வியாழக்கிழமை, பிறந்த உத்தரவு. யாரும் சொல்லிக் கேட்டதில்லை; நீதிமன்ற இணையதளத்திலிருந்து நகலை எடுத்து இரண்டு முறை படித்தேன். ஐந்தாவது பத்தியில் நீ இருக்கிறாய். பெயராக இல்லை, பதவியாக. ஐயன்குளத்து மதகுப் பணியின் அளவுகளைப் பதிவு செய்த இளநிலைப் பொறியாளர் அக்டோபர் 20க்குள் தன் கையெழுத்தில் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது அந்தப் பத்தி.

வழக்கு உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் புரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன், பிசகு இருந்தால் திருத்து. இந்த ஜனவரியில் கீழவெளிப் பாலத்துக்கு டெண்டர் கோரினார்கள். 2022 டிசம்பர் 31க்குள் அதே மாதிரியான வேலை ஒன்றை முடித்துக் காட்டியவர்தான் கலந்துகொள்ளலாம் என்பது தகுதி விதி. கோட்டுச்சேரி ஒப்பந்தக்காரர் செல்லையன் ஐயன்குளத்து மதகைக் காட்டினார். அது 2022 ஜூன் 30 அன்று முடிந்ததாக உன் துறை கொடுத்த சான்றிதழை இணைத்தார். உன் அளவுப் பதிவை வைத்துக் கொடுத்த சான்றிதழ். வேலை அவருக்குக் கிடைத்தது. மார்ச்சில் பழைய பாலத்தை இடித்தார். ஏப்ரலில், தோற்ற வெளியூர் நிறுவனம், சான்றிதழ் பொய், செல்லையனுக்குத் தகுதியே இல்லை என்று வழக்குப் போட்டது. தடை வந்தது. பழைய பாலமும் இல்லை, புதிய பாலமும் இல்லை.

மனுதாரரின் ஏழாவது ஆவணம், இந்த மார்ச் 20 அன்று நம் பத்திரிகையில் வந்த படம். ஐயன்குளத்து மதகில் கான்கிரீட் போடுகிறார்கள். செல்லையன் தரப்பின் பதினோராவது ஆவணம், 2022 ஜூலை 2 அன்று நம் பத்திரிகையில் வந்த செய்தி. ஐயன்குளத்து மதகு வேலை முடிந்துவிட்டது என்கிறது. படம் நான் எடுத்தது. செய்தி நான் எழுதியது. இருபத்தெட்டு வருட நிருபர் வேலையில் என்னை இரண்டு கட்சிக்காரர்களும் சாட்சிக்கு இழுத்தது இதுதான் முதல் தடவை.

மார்ச்சிலிருந்து பதினொரு முறை உன்னைத் தொலைபேசியில் அழைத்துவிட்டேன், நீ எடுக்கவில்லை. அந்தப் படத்தைத் தெரியாமல் போட்டுவிட்டேன்; அதனால் உனக்கு இவ்வளவு வரும் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன். மன்னித்துக்கொள் என்று எழுதினால் போதாது என்று தெரியும். என்றாலும் எழுதுகிறேன்.

பிரமாணப் பத்திரத்தில் என்ன எழுதப்போகிறாய்?

தம்பி,
நீலகண்டன்


ஏனாம்
28 ஆகஸ்ட் 2023

நீலகண்டா,

அலுவலக முகவரிக்கு இனிமேல் எழுதாதே. தபால் வாங்கி வைக்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் உறையைப் பிரிக்கும்போது என் முகம் எப்படிப் போகிறது என்பதைப் பார்க்க மொழி தெரிய வேண்டியதில்லை. வீட்டு முகவரி கீழே இருக்கிறது. போனில் இந்தப் பேச்சே வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எழுத வேண்டியிருந்தால் எழுது.

பதினொரு முறை இல்லை, பதின்மூன்று. என் போனில் இருக்கிறது. துல்லியமாக எழுதுகிறவன் நீ, அதனால் சொன்னேன்.

மாமாவின் பேத்தி கல்யாணத்துக்கு நெடுங்காடு போகிறவன், சாப்பிட்டோமா தாம்பூலப் பையை வாங்கினோமா என்று வராமல் வாய்க்காலில் இறங்கிப் படம் எடுக்கிறாய். கேட்டால் தெரியாமல் போட்டேன் என்கிறாய். ஊரில் ஆயிரம் இடத்தில் கான்கிரீட் போடுகிறார்கள். உனக்கு என் மதகுதான் கிடைத்தது.

சரி, அந்தப் படத்தை விடு. 2022 ஜூலையில் மதகு முடிந்தது என்று எழுதினாயே, அப்போது வந்து பார்த்தாயா? நான் போனில், “முடிஞ்சிருச்சுடா, குறுவைக்குத் தண்ணி போவுது” என்றேன். நீயும், “சரிக்கா, நாலு வரி போட்டுர்றேன்” என்றாய். அவ்வளவுதான். மந்திரி சொன்னால்கூட இரண்டு பேரிடம் கேட்டுத்தான் எழுதுவேன் என்று பெருமை பேசுகிறவன், அன்றைக்கு ஏன் ஒரு ஆளிடமும் கேட்கவில்லை? அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்றா?

எனக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அடுத்த வருடம் மே 31 அன்று ஓய்வு. முப்பத்துநான்கு வருட வேலையில் ஒரு மெமோ வாங்கியதில்லை. இந்த ஊரில் கோதாவரியைப் பார்த்துக்கொண்டு, யாரோடும் பேசாமல், நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். தள்ள விடு.

செல்லையன் அந்த மதகில் ஒரு மூட்டை சிமென்ட் குறைத்துப் போட்டதில்லை. இதையும் உன் நோட்டில் எழுதிக்கொள்.

அரசி


காரைக்கால்
9 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்கா,

பதின்மூன்றுதான். சரிபார்த்தேன்.

ஜூலை செய்தி பற்றி நீ கேட்டாய். நோட்டை எடுத்துப் பார்த்தேன். எந்தச் செய்தியானாலும் யார் சொன்னது, எங்கே பார்த்தேன் என்று பக்கத்தின் ஓரத்தில் குறிப்பது என் வழக்கம். அன்றைய பக்கத்தில், “அக்கா. போன். நேரில் பார்க்கவில்லை” என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.

உனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். பத்திரிகையில் வந்து நீ படிப்பதற்கு முன் நானே சொல்வது நல்லது. கமலாம்பாள் விழுந்துவிட்டார். நம் வயலில் நடவுக்கு வருவாரே, அவர்தான். கீழவெளியில் பாலம் இருந்த இடத்தில் ஊர்க்காரர்கள் பழைய மின்கம்பம் இரண்டைச் சேர்த்துக் குறுக்கே போட்டிருக்கிறார்கள். திங்கள்கிழமை காலை களையெடுக்கப் போகும்போது வழுக்கி வாய்க்காலில் விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு முறிவு. டாக்டரிடம் நானே கேட்டேன். இரண்டு மாதம் படுக்கை, அதற்குப் பிறகு தடி ஊன்றி நடக்கலாம், நடவு வேலைக்குப் போக முடியாது என்றார். வயது அறுபத்தாறு.

புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். செல்லையன் எனக்கு முன்பே அங்கே உட்கார்ந்திருந்தார். இருவர் கையிலும் ஆரஞ்சுப் பை. கமலாம்பாள் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

“பாலத்த இடிச்சவன் இவன். கட்ட வுடாம நிறுத்துன படம் நீ எடுத்தது. ரெண்டு பேருமா சேந்து பழம் கொண்டாந்துருக்கீங்களாக்கும்.”

செல்லையன் தலையைக் குனிந்துகொண்டார். நான், இதைச் செய்தியாகப் போடலாமா என்று கேட்டேன்.

“போடு. ஆனா கமலம்னு சுருக்கிப்புடாத. போன தடவ ஓட்டர் லிஸ்ட்டுல அப்புடித்தான் வுட்டுட்டானுவ. கமலாம்பாள்னு முழுசா போடு.”

வெளியே வந்ததும் செல்லையன் டீ வாங்கிக் கொடுத்தார். கோபமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். “படத்தாலதாங்க எல்லாம். ஆனா ஒண்ணு சொல்லணும், படம் நல்லா வுழுந்துருந்துச்சு. என் ஆளுவ பத்துப் பேரும் வெட்டி வீட்டுல ஒட்டி வச்சிருக்கானுவ” என்றார். டீ கிளாஸை வைத்துவிட்டு, “கோர்ட்டுல யாரு என்னா கேட்டாலும் மேடத்தக் காட்டிக் குடுத்துராதீங்க. என் பொழப்பு எப்புடியும் ஓடும்” என்றார்.

என்ன காட்டிக்கொடுப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் வந்தது இது இரண்டாவது முறை.

நீலகண்டன்


ஏனாம்
20 செப்டம்பர் 2023

நீலகண்டா,

கமலாம்பாளுக்கு இடது பக்கமா, வலது பக்கமா? நீ எழுதவில்லை. போன வருடமே இடது முழங்கால் வலிக்கிறது என்று என்னிடம் சொன்னார். அந்தக் காலோடு மின்கம்பத்தில் ஏறியிருக்கிறார்.

நீ கேட்காததை நான் சொல்கிறேன். படித்ததும் கிழித்துவிடு.

2022இல் மேட்டூரை மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். வழக்கம்போல ஜூன் 12 என்று நினைத்து வேலையைத் திட்டமிட்டிருந்தோம். பத்தொன்பது நாள் போய்விட்டது. தண்ணீர் நம் வாய்க்காலுக்கு வந்த அன்று நான் மதகில் நின்றேன். சுவர் முடிந்திருந்தது. தண்ணீரை அடைக்கும் பலகையும் மாட்டியாகிவிட்டது. மதகைத் தாண்டி விழும் தண்ணீர் மண்ணை அரித்துவிடாமல் இருக்க வாய்க்கால் தரையில் போடும் கான்கிரீட் தளம் மட்டும்தான் பாக்கி. அதற்குக் கம்பி கட்டி விரித்து வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கான்கிரீட் போடுவதாக இருந்தது.

ஊரே கரையில் நின்று பூவும் நெல்லும் தூவியது. முன்கூட்டியே தண்ணீர் வந்ததே என்று ஒருவருக்கொருவர் சிரித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் என் கையிலும் ஒரு பிடி பூவைத் திணித்து, “போடுங்கம்மா” என்றார். போட்டேன். கட்டின கம்பியின் மேல்தான் விழுந்தது. அன்றைக்குக் கரையில் தண்ணீரைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செல்லையன் மறுநாளே கால நீட்டிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வந்தார். ஒப்பந்தப்படி ஜூன் 30க்குள் முடிக்க வேண்டும், தண்ணீர் முன்னால் வந்ததற்கு அவர் பொறுப்பு இல்லை. நியாயமான கடிதம். நான்தான் வேண்டாம் என்றேன். கோப்பு புதுச்சேரிக்குப் போய் வர ஆறு மாதம் ஆகும், அதுவரை தாமதம் என்று அவர் பெயரில் ஒரு வரி கிடக்கும், அதுவே அவருக்குக் கெடுதல் என்று சொன்னேன். “முடிஞ்சதுன்னே எழுதிடறேன். ஜனவரியில தண்ணி நின்னதும் போட்டுடுங்க. அதுவரைக்கும் தண்ணிக்கு அடியில யாரு வந்து பாக்கப்போறா?” இவை என் வார்த்தைகள். அவர் தயங்கிக்கொண்டு நின்றார். கடிதத்தை வாங்கி மடித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கோப்பில் சேர்க்கவில்லை.

இது நான் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. எனக்கு முன்னால் அந்தப் பிரிவில் இருந்தவரும் செய்தார். கடைமடையில் எட்டு மாதம் தண்ணீர் எல்லாவற்றையும் மூடிவிடும். திரும்பத் தரை தெரியும்போது, எழுதியது உண்மையாகியிருக்கும். இந்த முறையும் ஆனது. மார்ச்சில் செல்லையன் சொன்னபடி தளம் போட்டார். ஆனால் நடுவில் ஜனவரியில் ஒரு டெண்டர் வரும், நான் எழுதின தேதியே ஒருவருக்குத் தகுதியாகும், இன்னொருவருக்கு வழக்காகும் என்று நினைக்கவில்லை. 2022 செப்டம்பரிலேயே என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். மறந்தும் போனேன்.

வக்கீல் ஒரு வழி சொல்கிறார். “ஆவணங்களின்படி பணி 30.6.2022 அன்று முடிந்தது” என்று எழுதலாம். பொய் இல்லை. ஆவணம் அப்படித்தான் சொல்கிறது. வழக்கு இழுத்துக்கொண்டு போகும். மே 31 கடந்துவிடும். அதன் பிறகு யார் என்ன கண்டுபிடித்தாலும் அது வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் பாடு.

உன் படத்தைப் பிறகு நடந்த மராமத்து என்று சொல்லிவிடலாமாம். இதற்கு ஒன்றுதான் தடங்கல். உன் நோட்டு. நேரில் பார்க்கவில்லை என்று நீ எழுதி வைத்திருக்கும் பக்கம். அதை யாருக்கும் கொடுக்காதே. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

அக்கா


காரைக்கால்
3 அக்டோபர் 2023

அன்புள்ள அக்கா,

இடது பக்கம்.

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. மனுதாரரின் வக்கீலிடமிருந்து ஒருவர் போன வாரம் இரண்டு முறை பேசினார். படத்தின் மூலக் கோப்பும் அன்றைய குறிப்பும் வேண்டும் என்றார். செல்லையனின் வக்கீலுக்கு ஜூலைச் செய்தியின் குறிப்பு வேண்டுமாம். யாருக்கும் கொடுக்கவில்லை.

கொடுக்க மாட்டேன் என்று உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. காரணம் நீ நினைப்பது இல்லை. முதல் கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதினேன். அதை முதலில் திருத்த வேண்டும்.

அந்தப் படத்தைத் தெரியாமல் போட்டேன் என்றேன். தெரிந்துதான் போட்டேன்.

கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது ஐயன்குளத்து மதகில் கலவை இயந்திரச் சத்தம் கேட்டது. வண்டியை நிறுத்தினேன். தரையில் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதகுச் சுவரில் கல் பதித்திருக்கிறதே, “பணி முடிந்த நாள் 30.6.2022” என்று, அதன் கீழேயே. என் செய்தி நினைவுக்கு வந்தது. நான் எழுதியது தவறு என்று அந்த நிமிடமே தெரிந்தது. நீ எனக்குச் சொன்னதும் தவறு என்று தெரிந்தது. செல்லையனின் மேஸ்திரியிடம், “இது போன வருசமே முடிஞ்ச வேலைதானே?” என்று கேட்டேன். “அது எழுத்துல சார், இது தரையில” என்றார்.

ஆறு படம் எடுத்தேன். ஐந்தில் வேலையாட்கள் மட்டும்தான் இருந்தார்கள். ஆறாவதில் வலது ஓரத்தில் அந்தக் கல் தெரிந்தது. ஆறாவதை அனுப்பினேன்.

தவறாக எழுதியவன் திருத்தம் போட வேண்டும். திருத்தம் போட்டால் நிருபர் நேரில் பார்க்கவில்லை என்று ஊருக்குத் தெரியும். இருபத்தெட்டு வருடம் ஒரு திருத்தமும் போட்டதில்லை என்று பிரஸ் கிளப்பில் சொல்லிக்கொள்கிறவன் நான். அதனால் என் பெயருக்கு ஒன்றும் வராமல், படத்தின் மூலையில் உண்மையை வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று. பார்த்தார்கள். நீ மாட்டிக்கொண்டாய், பாலம் நின்றது, கமலாம்பாள் விழுந்தார்.

அன்றைக்கு உனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். அக்கா, இப்படி ஒன்று பார்த்தேன், என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன் மேல் கோபம் இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. என் மேல்தான் இருந்தது. அதை உன் தலையில் இறக்கினேன்.

நோட்டைக் கொடுக்காதே என்று நீ இப்போதும் சொன்னால் கொடுக்கவில்லை. இவ்வளவையும் படித்த பிறகு சொல்.

நீலகண்டன்


ஏனாம்
11 அக்டோபர் 2023

கடிதம் வந்தது. இப்போது பதில் எழுத முடியாது.

அரசி


ஏனாம்
19 அக்டோபர் 2023

நீலகண்டா,

தெரியும்டா.

செய்தி இல்லாமல் துண்டுப் படம் மட்டும் போடும்போதெல்லாம் அதன் கீழே “காரைக்கால் அருகே” என்றுதான் எழுதுவாய். எத்தனை வருடமாகப் படிக்கிறேன். அன்றைக்கு மட்டும் “நெடுங்காடு அருகே ஐயன்குளத்து மதகில், வாய்க்கால் தரைக்குக் கான்கிரீட் தளம்” என்று எழுதியிருந்தாய். எந்த ஊர், எந்த மதகு, எந்தப் பகுதி எல்லாம் இருந்தது. கல்லைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் வக்கீல்கள். எனக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. பதின்மூன்று முறையும் போனை எடுக்காததற்கு அதுதான் காரணம். படம் எடுத்ததற்காக இல்லை. தெரியாமல் எடுத்தேன் என்று நீ சொல்வாய், நான் நம்புவதாக நடிக்க வேண்டும், அதற்காக.

இப்போது நீயே சொல்லிவிட்டாய். எட்டு நாள் அதோடு இருந்தேன். எழுத முடியாது என்று ஒரு வரி போட்டது கோபத்தில் இல்லை. நீ திருத்திவிட்டாய், நான் இன்னும் திருத்தவில்லை என்பது உறைத்துக்கொண்டே இருந்தது.

நேற்று பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வக்கீல் எழுதிக் கொடுத்ததில் இல்லை. நானே எழுதி, டைப் அடிக்கக் கொடுத்து, இங்கே நோட்டரி முன்னால் போட்டேன். நோட்டரி தெலுங்குக்காரர். ஒருமுறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “மேடம், இதில் சொல்வது உங்களைப் பற்றியா?” என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

“ஆவணங்களின்படி” என்ற வார்த்தை அதில் இல்லை. 30.6.2022 அன்று தளம் இல்லை, இருந்ததாக நான் பதிவு செய்தேன், யாரும் என்னைச் சொல்லி எழுத வைக்கவில்லை என்று எழுதினேன். செல்லையனின் கால நீட்டிப்புக் கடிதத்தையும் இணைத்தேன். பையின் உள் அறையில்தான் இருந்தது, இத்தனை நாளும். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. ஒப்பந்தக்காரர் முறைப்படி நீட்டிப்புக் கேட்டார், நான் மேலே அனுப்பவில்லை என்று அதன் கீழே எழுதியிருக்கிறேன். இந்த டெண்டர் அவர் கையை விட்டுப் போகும். ஆனால் பொய்ச் சான்றிதழ் கொடுத்தவர் என்று கறுப்புப் பட்டியலில் போடுவதற்கு முன் அந்தத் தாளைப் படித்தாக வேண்டும்.

எனக்கு என்ன வரும் என்று தெரியும். குற்றச்சாட்டு மெமோ வரும். ஓய்வுக்கு முன்பே சஸ்பெண்ட் ஆகலாம். பென்ஷன் நிற்கலாம். மே 31 அன்று மாலை போட்டு அனுப்ப மாட்டார்கள். போகட்டும், எனக்கு மல்லிகை வாசனை தலைவலி.

கையெழுத்துப் போடும்போது நினைத்தது கமலாம்பாளைத்தான். தண்ணிக்கு அடியில யாரு வந்து பாக்கப்போறா என்று கேட்டேனே. அவர்தான் போய்ப் பார்த்தார்.

உனக்கு இரண்டு வேலை. கோர்ட்டில் தெரிவதற்கு முன் செல்லையனிடம் நீ நேரில் போய்ச் சொல். நான் சொல்ல வேண்டியது, எனக்குத் தைரியம் இல்லை. இரண்டாவது, நோட்டு. அந்தப் பக்கத்தை யாருக்குக் கொடுக்க வேண்டுமோ கொடு. உன் பத்திரிகைக்கும் சேர்த்து.

அரசி


காரைக்கால்
4 நவம்பர் 2023, சனி

அன்புள்ள அக்கா,

இரு தரப்பு வாதமும் முடிந்து, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. நேற்று முன்தினம் விசாரணை. இணையதளத்தில் வந்த உத்தரவையும் படித்தேன், நீதிமன்றத்தில் இருந்த செல்லையனின் வக்கீலிடமும் கேட்டேன். இரண்டும் ஒத்துப்போகின்றன. உன் பிரமாணப் பத்திரம் பதிவு செய்யப்பட்டது. நீட்டிப்புக் கடிதத்தை வாங்கிப் பார்த்த நீதிபதி அசல் எங்கே என்று கேட்டிருக்கிறார். இதுதான் அசல் என்று சொல்லியிருக்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை தடை தொடரும்.

உன் கடிதம் வந்த அன்றே கோட்டுச்சேரி போனேன். செல்லையன் வீட்டு வாசலில் ஜல்லி சலித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன்.

“மொத தடவ என்னயக் காப்பாத்தப்போயி மாட்டி வுட்டாங்க. இப்ப மாட்டி வுட்டுக் காப்பாத்துறாங்க. இல்லீங்களா?”

நீட்டிப்புக் கடிதத்தின் கீழே நீ எழுதியிருப்பதைச் சொன்னேன்.

“அந்தக் கடுதாசிய இன்னும் வச்சிருந்தாங்களா?”

“கைப்பையில.”

“எம் பொண்ணுதாங்க எழுதிக் குடுத்துச்சு. என் எழுத்து மேடத்துக்குப் புரியாதுன்னு.” பிறகு, “மேடத்துக்கு என்னாங்க ஆவும்?” என்றார். தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் சொல்லிவிட்டு அங்கே உட்கார முடியவில்லை.

திருத்தம் செவ்வாய்க்கிழமை வெளிவந்தது. ஐந்தாம் பக்கம், நாலு வரி. நறுக்கை இணைத்திருக்கிறேன். “2022 ஜூலை 2 அன்று ஐயன்குளத்து மதகுப் பணி முடிந்ததாக வெளியான செய்தி தவறு. நிருபர் இடத்தை நேரில் பார்க்காமல் எழுதினார். தளப் பணி 2023 மார்ச்சில் நடந்தது. வருந்துகிறோம்.” இரண்டாவது வாக்கியத்தை ஆசிரியர் குழுவில் முதலில் எடுத்துவிட்டார்கள். ஒன்றரை வருடச் செய்தி, யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள், எதற்கு நீங்களாகவே மாட்டிக்கொள்கிறீர்கள் என்றார்கள். திரும்பச் சேர்க்கச் சொன்னேன். நோட்டின் அந்தப் பக்கத்தையும் ஆறு படங்களையும் இரண்டு தரப்புக்கும் நகலெடுத்துக் கொடுத்துவிட்டேன்.

கமலாம்பாள் வீட்டுக்கு வந்துவிட்டார், போய்ப் பார்த்தேன். திருத்தத்தை அவர் மருமகள் படித்துக் காட்டியிருக்கிறாள். “என் பேரு எங்க?” என்று கேட்டாராம். கீழே விழுந்த செய்தியில் கமலாம்பாள் என்று முழுசாகப் போட்டேன் என்று சொன்னேன். “அதுவும் நாலு வரிதான போட்ட” என்றார். உன்னைப் பற்றியும் பேச்சு வந்தது. பிரமாணப் பத்திரம் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருக்கிறார். “அரசி எப்ப வருது? வந்தா கம்பத்து மேல வர வேணாம்னு சொல்லு, சுத்திக்கிட்டு ரோட்டு வழியா வரச்சொல்லு” என்றார். மன்னித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது இவ்வளவுதான்.

இன்று காலை ஐயன்குளத்து மதகுக்குப் போனேன். மேட்டூரில் போன மாதமே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், குறுவை காய்ந்தது உனக்குத் தெரியும். இப்போது கிடப்பது மழைத் தண்ணீர். முழங்காலுக்குக் கீழே இருக்கிறது, கலங்கல், தரை தெரியவில்லை. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். காலால் தடவிப் பார்த்துக்கொண்டே மதகிலிருந்து பன்னிரண்டு அடி நடந்தேன். சொரசொரப்பாக, ஒரே மட்டமாக இருக்கிறது. விரிசல் எதுவும் காலில் படவில்லை. கரையேறி நோட்டில், “4.11.2023. தளம் இருக்கிறது. நேரில்” என்று எழுதினேன்.

தீர்ப்பு 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, எதிர்பார்க்கப்படுகிறது. கீழவெளிப் பாலத்துக்கு மறுடெண்டரா, மனுதாரருக்கே வேலையா என்பது அன்று தெரியும். எதுவானாலும் டிசம்பருக்குள் முடிவானால்தான் தரை காய்ந்திருக்கும் பிப்ரவரியில் வேலை தொடங்க முடியும் என்கிறார் செல்லையன். இல்லையென்றால் இன்னொரு வருடம் மின்கம்பம்தான். உன் மேல் நடவடிக்கை பற்றித் துறையில் இரண்டு பேரிடம் கேட்டேன். கோப்பு திறந்திருக்கிறது, தீர்ப்புக்குப் பிறகுதான் நகரும் என்றார்கள்.

24ஆம் தேதி தீர்ப்பின் நகல் கைக்கு வந்து, முழுவதும் படித்து முடித்ததும் உன்னைத் தொலைபேசியில் அழைப்பேன். அது பதினான்காவது முறை. எடுப்பாயா என்பது இன்னும் உறுதியாகவில்லை.

தம்பி,
நீலகண்டன்